கடைசி நாள் இல்லாத ஒப்பந்தம் பிறந்த கதை

பின்னொரு நாளுக்கான விலையை இன்றே பேசி முடிக்கும் முன்பேர ஒப்பந்தம் என்றால் அதற்கொரு கடைசி நாள் உண்டு. ஜப்பானின் ஒசாகா நகரில், டோஜிமா அரிசிச் சந்தைக்கு 1730இல் அரசு அனுமதி கிடைத்தபோதே அதுதான் வழக்கம். ஒப்பந்தத்தின் விலையையும் பொருளின் விலையையும் அந்த நாள்தான் ஒன்றுசேர்க்கும்.

கடைசி நாளே வேண்டாம் என்றார் யேல் பல்கலைக்கழகப் பொருளியலாளர் ரொபர்ட் ஷில்லர். வீட்டின் பெறுமதியோ உழைப்பின் வருமானமோ சரிந்தால் சாதாரண மனிதருக்குக் காப்பு ஏதும் இல்லையே என்பது அவர் கவலை. விலைச்சுட்டி ஒன்றை வைத்து, வாங்கியவரும் விற்றவரும் தமக்குள் பணம் தீர்த்துக்கொண்டே போகும் ஒப்பந்தத்தை 1993இல் ஆய்வுக் கட்டுரையாக முன்வைத்தார்.

அது பெரிய சந்தையானது பிட்கொயினில்தான். ஆதர் ஹேய்ஸ், பென் டெலோ, சாமுவேல் ரீட் மூவரும் 2014இல் தொடங்கிய பிட்மெக்ஸ் என்ற இணையச் சந்தை, 2016 மே மாதம் இதை அறிமுகப்படுத்தியது. தவணை தவணையாகச் சிதறிக் கிடந்த வியாபாரம் ஒரே ஒப்பந்தத்தில் வந்து கூடியது.

கடைசி நாள் இல்லாவிட்டால் விலை விலகிப் போய்விடாதா? அதைத் தடுப்பதுதான் ‘ஃபண்டிங்’. ஒப்பந்த விலை சந்தை விலையை மிஞ்சினால் வாங்கியவர் விற்றவருக்குக் கொடுப்பார். தாழ்ந்தால் விற்றவர் வாங்கியவருக்கு. பிட்மெக்ஸில் இது எட்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, இலங்கை நேரப்படி காலை 9.30, மாலை 5.30, இரவு 1.30. ஒப்பந்தம் 10,000 டொலர், வீதம் 0.01 சதவீதம் என்றால் கைமாறுவது ஒரு டொலர்.

கணித ஆய்வாளரின் கண் அந்த ஒரு டொலரில்தான். பிட்கொயினை வாங்கி வைத்து, அதே அளவுக்கு ஒப்பந்தத்தை விற்றுவிட்டால் விலையின் ஏற்ற இறக்கம் அவரைப் பெரிதாகப் பாதிக்காது. ஒப்பந்த விலை மேலே இருக்கும்வரை ஃபண்டிங் கைக்கு வரும். வீதம் எப்போது திரும்பும், கமிஷன் போக என்ன மிஞ்சும், விலை திடீரென ஏறினால் பிணையாக வைத்த மார்ஜின் பணம் தாங்குமா என்று பார்ப்பதே அவர் தொழில்.

அதே பிட்மெக்ஸ் 100 மடங்கு லெவரேஜும் கொடுத்தது; அதாவது, போட்ட பணத்தைப் போல் 100 மடங்குக்கு வியாபாரம் செய்யலாம். விலை 1 சதவீதம் எதிராக அசைந்தாலே போட்ட பணம் முழுதும் போகும். காப்புக்கென நினைத்தது சூதுக்கு வழிவிட்டது.

மெய்நிகர் நாணயம் வாங்க வங்கி அட்டைகளைப் பயன்படுத்த முடியாது என்று இலங்கை மத்திய வங்கி எச்சரித்திருக்கிறது. இந்த வியாபாரம் மார்க்கத்தில் ஆகுமா ஆகாதா என்பதை உலமாக்களிடம் கேட்டுத் தெளிய வேண்டும். ஆனால் இந்தக் கணக்கைக் கற்க எந்தத் தடையும் இல்லை. கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. பெரும்போக அறுவடையில் நெல் விலை விழும்போது சம்மாந்துறை விவசாயியைக் காக்கும் சுட்டியை எப்படி அமைப்பது? ஷில்லர் தொடங்கிய வேலை அதுதான். அதை நம் பிள்ளைகள் கையில் எடுக்க வேண்டும்.