முதற்பூவின் வரலாறு

இங்கிலாந்தில் குளிர்காலம் விடைபெறும் வேளையில், மரங்கள் இன்னும் தளிர் காணாதிருக்கும்போதே, வேலியோரச் சரிவுகளிலும் காட்டின் ஓரங்களிலும் பூத்துவிடும் ஒரு சிறு செடி உண்டு. சுருக்கம் விழுந்த நீண்ட இலைகள்; அவற்றின் நடுவே வெளிர்மஞ்சள் நிறத்தில் ஐந்து இதழ்கள்; நடுவில் சற்றே அடர்ந்த மஞ்சள். இதுவே பிரிம்ரோஸ். 'முதல் ரோஜா' என்று பொருள்படும் இலத்தீன் தொடரிலிருந்து வந்த பெயர் இது. ரோஜாக் குடும்பத்திற்கும் இதற்கும் உறவில்லை. எனினும், பெயரில் உள்ள 'முதல்' என்னும் சொல்லே அந்நாட்டு மக்கள் இப்பூவின்மேல் வைத்த அன்பின் காரணத்தைச் சொல்லிவிடுகிறது. இருண்ட மாதங்களைக் கடந்து வந்தவர்க்கு, வெயில் வரப்போகிறது என்று அறிவிக்கும் தூதாக அது விளங்கியது.

இது தோட்டக்காரரின் கைபடாமலும், விலைகொடுத்து வாங்காமலும் கிடைத்த பூ. ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலத்தின் நான்காம் ஞாயிறு அன்னையர்க்குரிய நாள். அன்று வீடு திரும்பும் பிள்ளைகள் வழியில் இதைப் பறித்துத் தாயிடம் கொடுப்பது வழக்கம். ஈஸ்டரன்று சிற்றூர்க் கோயில்களையும் இதுவே அலங்கரித்தது. கவிஞரும் இதனைக் கைவிட்டாரல்லர். ஷேக்ஸ்பியர் மணமாகாமல் மறையும் கன்னியர்க்கு இதனை உவமையாக்கினார். வேர்ட்ஸ்வொர்த், 1819இல் வெளியிட்ட 'பீட்டர் பெல்' என்னும் நெடுங்கவிதையில், இப்பூவைக் கண்டும் நெஞ்சு நெகிழாத ஒரு நாடோடி வணிகனைப் படைத்தார். பூவைப் பார்ப்பதே மனிதனை அளக்கும் கோலாயிற்று.

பார்த்தல் என்பதன் முழுப்பொருளைக் காட்டியவர் கவிஞரல்லர். அறிவியலாளர் சார்லஸ் டார்வின். ஒரு செடியின் பூக்களில் சூல்முடி உயர்ந்து குண்டூசித் தலைபோலத் தெரியும். அடுத்த செடியின் பூக்களிலோ மகரந்தப்பைகள் மேலே நின்று, தறியில் மிஞ்சிய நூல்முனைகள்போலத் தெரியும். மலர் வளர்ப்போர் இவ்வேறுபாட்டை அறிந்து பெயரும் இட்டிருந்தனர். காரணத்தை எவரும் கேட்கவில்லை. கென்ட் மாவட்டத்து டவுன் சிற்றூரில் இருந்த டார்வின் பூக்களை எண்ணினார், கலப்புச் செய்தார், விதைகளைக் கணக்கிட்டார். ஒருவகைப் பூவின் மகரந்தம் மற்றொரு வகைப் பூவைச் சேரும்போதே விதை நிறைவாக உண்டாகிறது என்று 1862இல் வெளியான கட்டுரையில் விளக்கினார். தம்மின் வேறுபட்டதை நாடியே இப்பூ தழைக்கிறது என்பது அவர் கண்ட உண்மை. தம் சிறு கண்டுபிடிப்புகளுள் இதைப்போல் மகிழ்ச்சி தந்தது வேறில்லை என்று அவர் தம் வரலாற்றில் குறித்துள்ளார்.

இத்தகைய எளிய பூ, இருபது ஆண்டுகளுக்குள் அரசியல் சின்னமாயிற்று. முன்னாள் தலைமையமைச்சர் பெஞ்சமின் டிஸ்ரேலி 1881 ஏப்ரல் 19இல் மறைந்தார். விக்டோரியா அரசி, அவருக்கு விருப்பமானது என்ற குறிப்புடன் பிரிம்ரோஸ் மலர்வளையம் அனுப்பினார். லில்லியே அவருக்கு உகந்தது என்று அவருடைய அரசியல் எதிரி கிளாட்ஸ்டன் ஐயுற்றதாகச் செய்தி உண்டு. ஐயம் எதுவாயினும், ஏப்ரல் 19 'பிரிம்ரோஸ் நாள்' ஆயிற்று. இலண்டன் நாடாளுமன்றச் சதுக்கத்தில் உள்ள டிஸ்ரேலி சிலைக்கு ஆண்டுதோறும் இப்பூவால் அலங்காரம் நிகழ்ந்தது.

1883இல் ராண்டால்ஃப் சர்ச்சில் பிரபுவும் அவருடைய தோழரும் 'பிரிம்ரோஸ் கழகம்' கண்டனர். தேர்தல் செலவைக் கட்டுப்படுத்தும் சட்டம் அதே ஆண்டில் வந்தது. கூலிக்கு ஆள் வைத்து வாக்குக் கேட்பது அரிதாயிற்று. ஊதியமில்லாத் தொண்டர் தேவைப்பட்டனர். அத்தேவையைப் பூ நிறைவு செய்தது. வாக்குரிமை இல்லாத பெண்களும் உறுப்பினராகி வீடுவீடாகச் சென்றனர். 1891இல் உறுப்பினர் பத்து இலட்சத்தைக் கடந்தனர். சமயத்தையும் அரச அமைப்பையும் பேரரசின் மேலாண்மையையும் காப்பதே அவர்கள் ஏற்ற உறுதிமொழி. வெட்சி, கரந்தை என்று போருக்கே பூவின் பெயரிட்ட மரபினர்க்கு, பூ கொடியாகும் கதை புதிதன்று.

அப்பேரரசின் மேலாண்மை என்ன என்பதைத் தமிழ்நாடு நன்கறியும். டிஸ்ரேலி கொணர்ந்த 1876ஆம் ஆண்டுச் சட்டமே விக்டோரியாவுக்கு இந்தியப் பேரரசிப் பட்டத்திற்கு வழிவகுத்தது. அதனை அறிவிக்க 1877 சனவரி 1இல் டில்லியில் தர்பார் கூடியபோது, சென்னை மாகாணத்தைத் தாது வருடப் பஞ்சம் வாட்டிக்கொண்டிருந்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் தென்னிந்தியாவிலும் தக்காணத்திலும் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்பது பலரும் கூறும் மதிப்பீடு. தாய்க்குப் பிள்ளை பறித்துத் தந்த பூ, சில ஆண்டுகளில் அந்த ஆட்சியின் புகழுக்கு மார்பில் குத்தும் அடையாளமாயிற்று. அதை அணிந்த சிற்றூர்ப் பெண்ணின் அன்பு பொய்யன்று. அந்த அன்பு எதற்குப் பயன்பட்டது என்பதே வரலாறு எழுப்பும் வினா.

கழகம் மெல்ல மெல்ல மங்கி, 2004இல் கலைக்கப்பட்டது. பூவுக்கோ வேறு காவல் வந்தது. நில உரிமையாளரின் இசைவின்றிக் காட்டுச் செடி எதனையும் வேரொடு பிடுங்குவதை 1981ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. 2002இல் தாவரப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று மக்கள் கருத்தைக் கேட்டபோது, டெவன் மாவட்டத்தின் மலராகப் பிரிம்ரோஸ் தேர்ந்தெடுக்கப்பட்டது. அவ்விருப்பத்தில் கட்சியும் இல்லை, பேரரசும் இல்லை.

சொல்லும் இப்பூவைப் போன்றதே. எளியோர் வாயில் பிறந்த சொல்லை அதிகாரம் தன் மாலையில் தொடுத்துக்கொள்ளும். மாலை வாடியபின் சொல் மீண்டும் எளியோரிடமே வந்துசேரும். அந்த இடைக்காலத்தில் சொல்லின் பழைய மணத்தை மறவாது காத்திருப்பது கவிஞரின் கடன். பங்குனி பிறக்கும் நாளில் டெவன் வேலிகளின் அடியில் வெளிர்மஞ்சள் இதழ்கள் விரிகின்றன, எவர் பெயரையும் தாங்காமல்.