எழுத்தும் ஓர் அமானிதம்

மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்துப் புத்தகக் கடையொன்றில் பாரதியார் கவிதைகள் பல பதிப்பகத்தாரின் பெயரால் அடுக்கி வைக்கப்பட்டிருக்கக் கண்டேன். எவரும் அச்சிடலாம், எவரும் பாடலாம் என்னும் இந்நிலை தானாக வந்ததன்று.

1904-ஆம் ஆண்டில் இதே மதுரையில், சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்த பாரதியார் 1921-இல் மறைந்தார். ஆசிரியர் மறைந்து 50 ஆண்டுகள்வரை பதிப்புரிமை வாரிசுகளுக்கோ, அவர்களிடம் விலைக்கு வாங்கியோருக்கோ உரியது என்பது அன்றைய சட்டம். பாடல்களை இசைத்தட்டில் பதியும் உரிமை வணிகர் வழியே கைமாறி, ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் சேர்ந்தது. டி.கே.எஸ். சகோதரர்கள் 1948-இல் வெளிவந்த 'பில்ஹணன்' படத்தில் பாரதியார் பாடலைச் சேர்த்தபோது, அவ்வுரிமையைக் காட்டித் தடை எழுந்தது. நாட்டைத் தட்டியெழுப்பிய பாட்டு தனியொருவர் உடைமையாவதா என எழுத்தாளர்கள் கிளர்ந்தனர். 1949-இல் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரின் அரசு உரிமையை ஏற்க முன்வந்தது. செட்டியார் பணம் பெறாமலே விட்டுக்கொடுத்தார். கவிஞரின் குடும்பத்தாருக்குத் தொகை வழங்கப்பட்டது. பின்னரே அப்பாடல்கள் மக்கள் பொதுவுடைமையாயின. உரிமை பறிக்கப்படவில்லை, முறைப்படி பெறப்பட்டது என்பதே இங்கு நாம் கருதத்தக்கது.

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் வைத்த 50 ஆண்டு, 1992-இல் 60 ஆண்டாயிற்று. 2012 முதல் நிழற்படத்திற்கும், எடுத்தவரின் ஆயுளும் அதன்மேல் 60 ஆண்டும் என்றாயிற்று. நூலிலுள்ள எழுத்து ஓர் உரிமை. அதன் நடுவேயுள்ள படம் வேறோர் உரிமை. கருத்து எவர்க்கும் பொது. அதைச் சொன்ன சொல்லமைப்பே உடையவர்க்குரியது. ஆய்வுக்கும் திறனாய்வுக்கும் அளவோடு, பெயர் சுட்டி மேற்கோள் காட்டச் சட்டம் இடந்தருகிறது. முழுதும் எடுத்துக்கொள்ளப் பெயர் சுட்டுதல் மட்டும் போதாது, அனுமதி வேண்டும்.

அரபு மதரஸாக்களில் ஓதியோர்க்கு இது புதிதன்று. உஸ்தாதின் இஜாஸா பெற்றே கிதாபை அறிவிப்பது நம் முன்னோர் மரபு. 1988-இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதமியும், நூலாசிரியரின் உரிமை ஷரீஅத்தில் காக்கப்பட்டது என்றும், அதில் வரம்பு மீறலாகாது என்றும் தீர்மானித்தது.

இதை எழுதும் அடியேனும் குற்றமற்றவனல்லன். இருபது ஆண்டுகளுக்கு முன், மாணவர்க்கென அச்சிட்ட சிறு பிரசுரமொன்றில் ஓர் ஆலிமின் விளக்கவுரையில் நான்கு பக்கங்களையும், அவர் நூலிலிருந்த பள்ளிவாசல் படத்தையும் பெயரின்றிச் சேர்த்தேன். நன்மைக்குத்தானே என்பது என் எண்ணம். அவர் என்னைக் கண்டபோது கடிந்துகொள்ளவில்லை. "கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே, தம்பி" என்றார். அச்சொல் இன்றும் என்னை உறுத்துகிறது.

அவர் இன்றில்லை. சென்ற ஆண்டு அப்பிரசுரத்தை மறுபடி அச்சிட நேர்ந்தபோது, அவருடைய மக்களிடம் எழுத்து மூலம் இசைவு பெற்றேன். படத்தை எடுத்தவர் யாரென்று அவர்களும் அறியாமையால் அதை நீக்கிவிட்டேன். முதற்பக்கத்தில் இப்போது அவர் பெயர் இருக்கிறது.