ரெண்டாயிரம் கஜம்

காலை நடையை ஆர்க்-மோடில் ஒரு 'ஹேபிட்' ஆகப் போட்டு வைத்திருந்தேன். வெறும் டெக்ஸ்ட் ஃபைல்தான். நடந்து வந்து 'டன்' என்று மாற்றினால் அஜெண்டாவில் அந்த நாளுக்கு ஒரு நட்சத்திரம் விழும். மூணு மாசமாக வரிசையாய் நட்சத்திரம். ரத்தச் சர்க்கரை மட்டும் இறங்கவில்லை. டீக்கடை வரை போய் வந்ததையும் நடை என்று கணக்கில் எழுதியிருக்கிறேன், வேறென்ன!

பழக்கத்தை டிக் அடிக்காமல் அளந்து பார்த்தவர்கள் யாராவது உண்டா என்று தேடினபோது கிடைத்தது காங்கிரஸின் நூல் கணக்கு. 1924 ஜூனில் அகமதாபாத்தில் கூடிய அகில இந்தியக் கமிட்டி, பொறுப்பில் இருப்பவர்கள் தினம் அரைமணி நேரம் ராட்டை சுற்றி, மாசம் 2000 கஜம் நூல் அனுப்ப வேண்டும் என்றது. நாளுக்குச் சுமார் 67 கஜம். 840 கஜம் ஒரு சிட்டம் என்று வைத்தால், மாசத்துக்கு ரெண்டரை சிட்டம்கூட வராது. 'நூற்றேன்' என்று வாயால் சொன்னால் செல்லாது, நூல் வந்து சேரணும். எந்த மாகாணத்திலிருந்து எவ்வளவு வந்தது என்ற கணக்கை காந்தி 'யங் இந்தியா'வில் வெளியிட்டார்.

அதே டிசம்பரில் அவர் தலைமையில் நடந்த பெல்காம் காங்கிரஸ், நாலணா சந்தாவுக்குப் பதில் இந்த 2000 கஜத்தையே உறுப்பினர் தகுதியாக்கியது. சுயராஜ்யக் கட்சியோடு செய்த சமரசத்தால் கூடவே ஒரு விலக்கு: உடம்பு முடியவில்லை, விருப்பமில்லை என்றால் வேறொருவர் நூற்றதைக் கொடுக்கலாம். புரோகிராமர் கண்ணுக்கு இது பக் இல்லை, ஸ்பெக்கிலேயே இருக்கிற ஓட்டை. நூலின் நீளம் மட்டும்தான் அளவு. அது யார் கை நூற்றது என்பது கணக்கில் வராது. கடையில் வாங்கிக் கொடுத்தாலும் 2000 கஜம் 2000 கஜம்தான்.

1925 செப்டம்பரில் பாட்னாவில் விதியைத் தளர்த்தினார்கள். வருஷத்துக்கு நாலணா, அல்லது தானே நூற்ற 2000 கஜம். எது வேண்டுமோ அது. மாசக்கணக்கு வருஷக்கணக்காகச் சுருங்கியது, ஆனால் 'தானே' என்ற சொல் உள்ளே வந்துவிட்டது. மாசாமாசம் நூற்க ஆசைப்பட்டவர்களுக்கு அங்கேயே அகில இந்திய நூற்போர் சங்கம் பிறந்தது. அதில் மாசம் 1000 கஜம், அதுவும் சொந்த நூல்.

அதற்கு ரெண்டு மாசம் முன்னால், ஜூலை 23இல், எங்கள் பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவா காலமானார். தர்மபுரி அப்போது சேலம் ஜில்லாவில் இருந்தது. என் நடை இப்போது அவர் நினைவிடம் வரைக்கும். போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவதால், தூரத்தை நானேதான் ஃபைலில் எழுத வேண்டும். நேற்று 3.2 கிலோமீட்டர். இன்றைக்கு மழை: 0.