விளம்பரத்துக்கு ஓகே, பிரஸ் மீட்டுக்கு நோவா?

பெர்மாஸ் ஜெயாவில் இருந்தபடி போனில் டென்னிஸ் கிளிப் பார்ப்பவரா நீங்கள்? விளம்பரத்தில் சிரிக்கும் ஸ்டார், கேள்வி கேட்டால் மட்டும் ஏன் ஓடுகிறார் என்ற கிண்டல் உங்கள் கண்ணில் பட்டிருக்கும்.

2021 மே மாதம் பிரெஞ்சு ஓப்பனில், மனநலம் கருதிச் செய்தியாளர் சந்திப்புக்குப் போக மாட்டேன் என்றார் நவோமி ஒசாகா. முதல் சுற்றில் ஜெயித்தும் 15,000 டாலர் அபராதம். இது தொடர்ந்தால் போட்டியை விட்டே நீக்கலாம் என நான்கு கிராண்ட்ஸ்லாம்களும் எச்சரித்தன. மறுநாளே விலகிவிட்டார். ஜூலையில் நெட்ஃபிளிக்ஸ் தொடர், பார்பி பொம்மை, அட்டைப்படங்கள் வந்ததும் கிண்டல் கூடியது. அட்டைப்படங்களை எல்லாம் முந்தைய ஆண்டே எடுத்தாச்சு என்பது அவர் பதில்.

நம்மவர்களுக்கு இது புதுசில்லை. 2008-ல் சானியா மிர்சா சொந்த நாட்டில் நடந்த பெங்களூரு ஓப்பனையே தவிர்த்தார். இந்தியாவில் ஆடினாலே ஏதாவது பிரச்சினை என்றார். முதலில் உடை, பிறகு தேசியக் கொடி அருகே அவர் கால் தெரிந்த ஒரு படம், வழக்கு வரை போனது. அப்போது வயது 21 தான்!

விளம்பரத்தில் என்ன பேசுவது என்பது ஸ்டார் கையில். பிரஸ் மீட்டில் கேள்வி நிருபர் கையில். எனவே இரண்டையும் ஒன்றாக்கித் திட்டுவது சரியில்லை. ஆனால் ஸ்டார் தானே சம்மதித்து எடுக்கும் தொடரில் சங்கடமான கேள்வியை யார் கேட்பது?