பம்ப்பைத் திருப்பிப் போட்டால்

ரெனே முவானோவுக்கும் எண்ணெய்க் கிணற்றுக்கும் சம்பந்தமே இல்லை. அவர் பிரெஞ்சு விமானக்காரர். முதல் உலகப் போர்க்காலத்தில் அவர் வடிவமைத்த விமானத்தில் ஒரே என்ஜின் உடலுக்குள் குறுக்காகக் கிடந்து, தண்டுகள் வழியே இரண்டு விசிறிகளைச் சுழற்றியது. அது எடுபடவில்லை. 1930-ல் அவர் முன்வைத்த பம்ப்தான் நிலைத்தது.

முறுக்கிய கயிறு போல ஒரு எஃகுத் தண்டு. அதைச் சூழ்ந்து, உட்புறம் ரப்பரில் புரி வார்த்த குழாய். தண்டைவிடக் குழாயில் ஒரு புரி அதிகம். அந்த ஒரு புரி வித்தியாசத்தால் இடையில் மூடிய அறைகள் உருவாகின்றன. தண்டு சுழன்றால் அறைகள் நகரும், உள்ளிருக்கும் திரவமும் கூடவே நகரும்.

1950-களில் அமெரிக்காவில் இதைத் திருப்பிப் போட்டார்கள். தண்டைச் சுழற்றித் திரவத்தைத் தள்ளுவதற்குப் பதில், திரவத்தைத் தள்ளித் தண்டைச் சுழற்றுவது. எண்ணெய்க் கிணறு துளையிடும்போது, பாறையை உடைக்கும் நுனியான பிட்டைக் குளிர்விக்கவும் பாறைத்தூளை மேலே ஏற்றவும் சேற்றுக்குழம்பை எப்படியும் அழுத்தத்தோடு உள்ளே அனுப்பியாக வேண்டும். அந்த ஓட்டமே எரிபொருளானது. சோவியத் பொறியாளர்கள் முன்பே டர்பைன் வைத்து இதைச் சாதித்திருந்தார்கள். ஆனால் டர்பைன் சுற்றும் வேகம் பல பிட்டுகளுக்கு ஒத்துவராது. புரி மோட்டாரில் அதையும் தேர்ந்துகொள்ளலாம்: புரி குறைந்தால் வேகம், கூடினால் வலு.

தண்டு நடுவில் நின்று சுற்றாமல் ஆடியபடி உருளும். அந்த ஆட்டத்தை ஒரு மூட்டு வாங்கிக்கொண்டு, கீழே பிட்டுக்கு நேரான சுழற்சியைக் கொடுக்கிறது. மூட்டைச் சுற்றியுள்ள உறையை ஓரிரு டிகிரி வளைத்து வைத்திருப்பார்கள். எனக்கு இந்தப் பொறியில் மிகப் பிடித்த இடம் இதுதான். மேலே நீளும் குழாயை அசையாமல் நிறுத்தி, வளைவை வேண்டிய திசைக்குத் திருப்பி, மோட்டாரை மட்டும் ஓட்டினால் கிணறு அந்தப் பக்கம் சாயும். நேராகப் போக வேண்டுமானால் குழாயையும் சேர்த்துச் சுழற்றினால் போதும். வளைவு எல்லாத் திசையையும் மாறி மாறிப் பார்ப்பதால் எந்தப் பக்கமும் சாயாது. துளை மட்டும் கொஞ்சம் அகலமாகும்.

மோட்டாரின் ஆயுள் ரப்பரின் ஆயுள்தான். பிட்டின் மேல் பாரம் மிஞ்சினால் தண்டு நின்றுவிடும், மேலே துளையிடும் மேடையான ரிக்கில் அழுத்தமானி சட்டென்று ஏறும். துளையிடலை இயக்கும் டிரில்லர் சேற்றை அனுப்பும் பம்ப்பைத் தணித்துப் பிட்டைத் தூக்கத் தாமதித்தால், சேறு ரப்பருக்கும் எஃகுக்கும் நடுவே பீறிட்டு ரப்பரைத் துண்டுதுண்டாகப் பிய்க்கும். பூமிக்கடியின் சூடும் சேற்றில் கலந்த எண்ணெயும் ரப்பரை உப்பச் செய்யும். ரப்பர் கெட்ட மோட்டார்க் குழாய் பட்டறைக்குத் திரும்பி, பழைய ரப்பரை உரித்துப் புதிது வார்த்துக்கொண்டு அடுத்த கிணற்றுக்குப் போகிறது. சூடான கிணறுகளுக்கு இப்போது எஃகிலேயே புரி வெட்டி, மேலே சீரான மெல்லிய ரப்பர் மட்டும் படிய வைக்கிறார்கள். ரப்பர் குறைந்தால் உப்புவதும் குறைவு.