ஹீரோ மிரட்டினா அது லவ்வா? நீங்க படிக்கிற காதல் கதையில் 'வேண்டாம்' என்ற சொல்லுக்கு என்ன ஆகுதுன்னு பாருங்க!

சிதம்பரத்தில் பஸ் ஏறி கடலூரில் இறங்க ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். மொபைலில் தொடர்கதை படிக்கிறவங்க கணக்கில் அது ஐந்தாறு எபிசோட் தூரம். காலேஜ் நேரத்துக் கூட்டத்தில் யார் கையைப் பார்த்தாலும் ஒன்று ரீல்ஸ் ஓடும், இல்லாவிட்டால் ஒரு காதல் கதை ஓடும். நீங்களும் அதில் ஒருத்தராக இருந்தால், இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். 'கதையை மூடிட்டு பாடத்தைப் படி' என்று சொல்லப் போவதில்லை, பயப்படாதீங்க.

ஒரே ஒரு விஷயத்தைக் கவனிக்கச் சொல்கிறோம். அடுத்த முறை ஒரு லவ் ஸ்டோரியைத் திறக்கும்போது, கதாநாயகி 'வேண்டாம்' என்று சொல்லும் இடத்தைத் தேடுங்க. அநேகமாக முதல் பத்து எபிசோடுக்குள் வந்துவிடும். அதற்கப்புறம் அந்தச் சொல்லுக்கு என்ன ஆகிறது என்று மட்டும் பாருங்க.

இந்த ஹீரோவை உங்களுக்குத் தெரியும்

கம்பெனி முதலாளி. ஆறடி உயரம். சிரிக்க மாட்டான். அவன் அறைக்குள் நுழைந்தால் ஊழியர்கள் நடுங்குவார்கள். நாயகியை முதலில் பணத்தாசை பிடித்தவள் என்று தப்பாக நினைப்பான். பழிவாங்க அவள் கழுத்தில் தாலி கட்டுவான், சம்மதம் கேட்காமலேயே. அவள் அழுவாள், வெறுப்பாள், ஒரு நாள் அவனுக்குக் காய்ச்சல் வரும்போது ரசம் வைத்துக் கொடுப்பாள். அங்கிருந்து காதல் ஆரம்பம். செயலிகளில் இதற்கு 'ஆன்டி ஹீரோ கதை' என்று தனி வகையே இருக்கிறது.

இது நேற்று முளைத்தது இல்லை. உங்க அம்மாவையோ சித்தியையோ கேட்டுப் பாருங்க, ரமணிசந்திரன் பெயரைச் சொல்வார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள். வாடகை நூலகங்களில் அட்டை கிழிந்து, தைத்து, மறுபடி கிழியும் வரை கைமாறிய புத்தகங்கள். பணக்கார, கோபக்கார நாயகன், ஒரு தப்பான புரிதல், கடைசியில் எல்லாம் தெளிந்து சேர்வது என்ற சட்டகத்தை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவர். ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அவருடைய நாயகிகளுக்கு ரோஷம் உண்டு. பதிலுக்குப் பதில் பேசுவார்கள். இன்றைய ஆன்டி ஹீரோ கதைகளில் பலவற்றில் அந்தக் கோபம் ஏறிக்கொண்டே போயிருக்கிறது, நாயகியின் ரோஷம் மட்டும் குறைந்துபோயிருக்கிறது.

காரணம் எழுதுபவரின் மனசு மட்டும் இல்லை, கதை வரும் விதமும்தான். வாட்பேட் 2006-ல் கனடாவில் தொடங்கியது. பிரதிலிபி 2014-ல் பெங்களூரில் தொடங்கி, தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் கதைகளைக் கொடுக்கிறது. யார் வேண்டுமானாலும் எழுதலாம். வீட்டு வேலை முடித்துவிட்டு ராத்திரி பதினோரு மணிக்கு எழுத உட்காரும் பெண்களுக்கு இது திறந்துவிட்ட கதவு பெரிது, அதைக் குறைத்துப் பேச மாட்டோம். ஆனால் எபிசோட் எபிசோடாக வரும் கதைக்கு ஒவ்வொரு முடிவிலும் ஒரு கொக்கி தேவை. ஹீரோ அமைதியாக உட்கார்ந்து, 'உனக்கு விருப்பமா?' என்று கேட்டால் கொக்கி விழாது. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டால் விழும். கமென்ட்டில் 'அடுத்த எபி சீக்கிரம்' என்று வந்து குவியும். எழுதுபவரும் அதைப் பார்த்துத்தான் அடுத்த அத்தியாயத்தை எழுதுகிறார்.

இங்கிலீஷில் படிக்கிறவங்க தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். 2005-ல் வந்த 'ட்வைலைட்'டில் எட்வர்ட், பெல்லாவுக்குத் தெரியாமல் அவள் அறைக்குள் புகுந்து அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். அது அன்பின் ஆழமாகவே எழுதப்பட்டிருக்கும். வாட்பேடில் ஒரு பாடகரின் ரசிகை எழுதத் தொடங்கிய 'ஆஃப்டர்' உலகம் முழுக்கப் புத்தகமாகவும் படமாகவும் போனது. அதிலும் நாயகன் நாயகியைக் காயப்படுத்துவதும் திரும்ப வருவதும்தான் கதை. காலின் ஹூவரின் 'இட் எண்ட்ஸ் வித் அஸ்' (2016) வேறு மாதிரி. கணவனின் அடியிலிருந்து ஒரு பெண் வெளியே வருவதைப் பற்றிய நாவல் அது. ஆனால் ரீல்ஸ்களில் அதையும் ஸ்வீட்டான லவ் ஸ்டோரி போலத்தான் காட்டினார்கள். 2024-ல் படம் வந்தபோது விளம்பரத்தில் பூவும் உடையும்தான் தெரிகிறது, அடி தெரியவில்லை என்று விமர்சனம் கிளம்பியது.

கதையில் ரொமான்ஸ், சட்டத்தில்?

ஆன்டி ஹீரோ செய்வதை எல்லாம் கதையிலிருந்து வெளியே எடுத்துவைத்தால், ஒவ்வொன்றுக்கும் சட்டத்தில் ஒரு பெயர் இருக்கிறது. விருப்பம் இல்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் ஒரு பெண்ணைத் தொடர்வது, திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வது, அவள் இணையத்தில் என்ன செய்கிறாள் என்று கண்காணிப்பது ஆகியவை பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-வது பிரிவில் குற்றம். முதல் முறை 3 ஆண்டு வரையும், மறுபடி செய்தால் 5 ஆண்டு வரையும் சிறை. கட்டாயக் கல்யாணத்துக்காகப் பெண்ணைக் கடத்தினால் 87-வது பிரிவு, 10 ஆண்டு வரை. மிரட்டிச் சம்மதம் வாங்கிய கல்யாணத்தை ரத்து செய்யக் கேட்க, இந்து திருமணச் சட்டத்தின் 12-வது பிரிவு வழிவிடுகிறது. 18 வயதுக்குக் கீழே என்றால் போக்சோ. அங்கே 'அவளுக்கும் இஷ்டம்தான்' என்ற பேச்சே எடுபடாது.

ஒரு குறையும் இருக்கிறது. மனைவிக்கு 18 வயது முடிந்திருந்தால், கணவன் அவளைக் கட்டாயப்படுத்துவதை நம் சட்டம் இன்னும் பாலியல் வன்கொடுமை என்று சொல்வதில்லை. தாலியை முதல் எபிசோடிலேயே கட்டிவிட்டு மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளும் கதைகள் நிற்பது சரியாக இந்த ஓட்டையில்தான்.

'இதெல்லாம் வெள்ளைக்காரன் சொல்லிக்கொடுத்த கன்சென்ட்' என்று யாராவது சொன்னால், தொல்காப்பியத்தைக் காட்டுங்க. இரண்டு பேருக்கும் ஒத்த அன்பு இருந்தால்தான் அது அன்பின் ஐந்திணை. ஒருத்தருக்கு மட்டும் இருந்தால் கைக்கிளை, தனியாக ஒதுக்கிவைத்தாயிற்று. பெண் கிடைக்க வேண்டும் என்று பனை மட்டைக் குதிரை ஏறி ஊரைக் கூட்டுவதும், காமம் மிகுந்து வலுக்கட்டாயமாக நடப்பதும் பெருந்திணையில் போய்விடும். அந்தக் கணக்குப்படி செயலியில் 'ரொமான்ஸ்' என்று இருக்கும் பல கதைகளைப் பெருந்திணை என்று பெயர் மாற்ற வேண்டியிருக்கும்!

இதே மண்ணின் மூன்று பேர்

இந்தக் கேள்வியைத் தமிழில் கூர்மையாகக் கேட்டவர்களில் மூன்று பேர் இதே கடலூர் - சிதம்பரம் பக்கத்துக்காரர்கள் என்பதுதான் ஆச்சர்யம். புதுமைப்பித்தன் பிறந்தது 1906-ல் கடலூரின் திருப்பாதிரிப்புலியூரில். ஜெயகாந்தன் பிறந்தது 1934-ல் மஞ்சக்குப்பத்தில். மௌனி வாழ்வின் பிற்பாதி முழுக்க சிதம்பரத்தில் இருந்து, 1985-ல் அங்கேயே மறைந்தார்.

மௌனியின் 'அழியாச்சுடர்' (1937) படித்தால், அட, இது நம்ம காலேஜ் லவ் ஸ்டோரி என்று முதலில் தோன்றும். கோயிலில் ஒரு பெண்ணைப் பார்க்கும் இளைஞன், பின்னால் போய், அவளுக்காக எதையும் செய்வேன் என்று சொல்லிவிடுகிறான். ஆனால் அந்தச் சொல் அவளைக் கட்டிப்போடவில்லை. ஒன்பது ஆண்டுகள் கழித்து அவனையே பிடித்து ஆட்டுகிறது. துரத்தியவன்தான் அங்கே விலை கொடுக்கிறான்.

புதுமைப்பித்தனின் 'சாபவிமோசனம்' (1943) அகலிகை கதை. சாபம் தீர்ந்து, கௌதமனோடு வாழத் தொடங்கியவள், ராமன் கேட்டு சீதை தீக்குளித்தாள் என்று அறிந்ததும் மறுபடி கல்லாகிவிடுகிறாள். செயலிக் கதைகளில் ஹீரோ, நாயகியின் நடத்தையைச் சந்தேகப்பட்டு அவமானப்படுத்துவான், அப்புறம் அவள் 'சுத்தமானவள்' என்று தெரிந்ததும் கண்ணீர் விட்டு மன்னிப்புக் கேட்பான் இல்லையா? அந்த இடத்தில் நாம் உருகுவோம். கொஞ்சம் நிறுத்தி யோசிங்க. சந்தேகம் பொய்யாகப் போனதற்குத்தான் அவன் வருந்துகிறான். அவளுக்கு ஏற்கெனவே ஒரு காதல் இருந்திருந்தால்? அந்த அவமானம் அவளுக்குத் தகும் என்று ஆகியிருக்கும். அகலிகை கல்லானது இதற்காகத்தான்.

ஜெயகாந்தனுடையதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1966-ல் ஆனந்த விகடனில் 'அக்னிப் பிரவேசம்' வந்தது. மழை, பஸ் ஸ்டாப், ஒரு கல்லூரி மாணவி, பெரிய காரில் வரும் பணக்கார வாலிபன். லிஃப்ட் தருகிறான். ஆரம்பம் மட்டும் பார்த்தால் இன்றைக்கும் பத்து கதைகள் இப்படித்தான் தொடங்கும். பிறகு நடப்பதில் அவள் சம்மதம் இல்லை, தடுக்கவும் அவளுக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்கிறாள். அம்மா அவள் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய், இதை யாரிடமும் சொல்லாதே என்கிறாள். அவ்வளவுதான் கதை. அதற்கே பெரிய எதிர்ப்பு கிளம்பியது. ஒரு தாய் இப்படிச் செய்வாளா என்று வாசகர்கள் கொதித்தார்கள். காரில் வந்தவனைவிட தண்ணீர் ஊற்றிய தாய்தான் நிறையப் பேர் கண்ணை உறுத்தினாள்!

சரி, தாய் அப்படிச் செய்யாமல் கத்தி ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகும் என்று ஜெயகாந்தன் எழுதியதுதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. 1972-ல் சாகித்ய அகாடமி விருது வாங்கியது. படமாகவும் வந்து, கங்காவாக நடித்த லட்சுமிக்கு தேசிய விருது கிடைத்தது. வீட்டை விட்டு வெளியேற்றப்பட்ட கங்கா, படித்து வேலைக்குப் போகிறாள். ஆண்டுகள் கழித்து அந்தக் காரில் வந்தவனைத் தேடிக் கண்டுபிடிக்கிறாள். அவன் கல்யாணமாகி, வளர்ந்த மகளுக்கு அப்பா. இரண்டு பேருக்கும் நட்பு வருகிறது, அவளுக்கு அவன்மேல் ஒட்டுதலும் வருகிறது. இது இன்றைக்குப் படிக்கும் பலருக்கு உறுத்தும், எனக்கும் உறுத்தியது. ஆனால் அந்த ஒட்டுதல் முன்பு நடந்ததைக் காதலாக மாற்றிவிடவில்லை. கல்யாண மண்டபத்தில் 'சுபம்' போடவில்லை. அவள் இழந்தது இழந்ததாகவே இருக்கிறது. இதே கதையை இன்று ஒரு செயலியில் எழுதினால், நூறாவது எபிசோடில் இரட்டைக் குழந்தை பிறந்திருக்கும்.

கதைகளில் வராத வில்லன்

காதல் கதைகளில் தடையாக என்னென்ன வருகின்றன என்று எண்ணிப் பாருங்க. பழைய காதலி, சதி செய்யும் அத்தை, தொழில் எதிரி, மறதி நோய். சாதி வருகிறதா? பெரும்பாலான கதைகளில் யாருக்கும் சாதியே இருக்காது. இருந்தாலும் ஹீரோ, ஹீரோயின் இரண்டு பேருக்கும் ஒரே பழக்கவழக்கம், ஒரே மாதிரி பூஜை அறை.

இந்த மாவட்டத்துக் கதை அப்படி இல்லை. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த ஒரு பையனும் பெண்ணும் காதலித்தார்கள். பையன் தலித், பெண் ஆதிக்க சாதி. 2003 மே மாதம் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். ஜூலையில் விருத்தாசலம் பக்கத்துக் கிராமத்தில் இருவருக்கும் விஷம் கொடுத்துக் கொன்று, உடல்களை எரித்தார்கள். வழக்கு சி.பி.ஐ-க்குப் போனது. 2021 செப்டம்பரில்தான் கடலூர் நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் என்றது. அதில் பெண்ணின் அப்பாவும் அண்ணனும் உண்டு, இரண்டு போலீஸ் அதிகாரிகளும் உண்டு. பிறகு உயர் நீதிமன்றம் இருவரை விடுவித்து, அண்ணனின் தூக்குத் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் தண்டனைகளை உறுதிசெய்தது. கொலைக்கும் கடைசித் தீர்ப்புக்கும் நடுவே 22 வருடம்.

இதையும் அந்தக் கட்டாயத் தாலிக் கதையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. ஒன்றில் பெண் சொன்ன 'வேண்டாம்' யார் காதிலும் விழவில்லை. இன்னொன்றில் பெண் சொன்ன 'வேணும்' யார் காதிலும் விழவில்லை. 'உனக்கு நல்லது எதுன்னு எங்களுக்குத் தெரியும்' என்று ஹீரோ சொன்னால் விசில் அடிக்கிறோம், அதையே அப்பாவும் அண்ணனும் சொல்லும்போது பயப்படுகிறோம்.

வேறு சாதியில் காதலிப்பவர்களுக்கு மிரட்டல் இருந்தால் பாதுகாப்பு கொடுக்க மாவட்டம்தோறும் தனிப் பிரிவும், தங்க இடமும் வேண்டும் என்று 2018-ல் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பெண்களுக்கான உதவி எண் 181. பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தால் 1098. ஃப்ரெண்டுக்குத் தேவைப்பட்டாலும் கூப்பிடலாம்.

கமென்ட் உங்க கையில்

தடை போடு, செயலியை மூடு என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. வீட்டில் மொபைலைப் பிடுங்கினால் முதலில் பிடுங்கப்படுவது தங்கச்சியின் மொபைல்தான், தம்பியுடையது இல்லை. அதுவுமில்லாமல், மோசமான ஹீரோவைக் கதையில் ரசிக்கிறவர்கள் எல்லாம் வாழ்க்கையில் அப்படி ஒருத்தனைத் தேடுகிறார்கள் என்று சொல்வதும் அநியாயம். கற்பனை என்று தெரிந்தே படிக்கிறோம். 'அவன் அடிச்சா என்ன, லவ் பண்றான்ல' என்று நிஜத்தில் ஒரு தோழி சொல்லும்போது, அந்த வசனம் எங்கிருந்து வந்தது என்று நமக்கு அடையாளம் தெரிய வேண்டும். தேவை அவ்வளவுதான்.

வாசகருக்கு இன்னொரு சக்தியும் இருக்கிறது. ஜெயகாந்தன் காலத்தில் கடிதம் எழுதி, தபாலில் போட்டு, அச்சாகுமா என்று காத்திருந்தார்கள். உங்களுக்கு எபிசோடுக்கு அடியிலேயே பெட்டி இருக்கிறது. 'அடுத்த எபி எப்போ?' என்பதோடு, 'அவ வேண்டாம்னு சொன்னாளே, அவன் ஏன் நிறுத்தலை?' என்றும் ஒரு வரி போடுங்க. எழுதுகிறவர்கள் கமென்ட்டைப் படிக்கிறார்கள். ஐம்பது பேர் கேட்டால் ஐம்பத்தோராவது எபிசோடில் அவன் நிற்பான். கேட்டுவிட்டு நின்று, அவள் சரி சொல்லும்வரை காத்திருக்கும் ஹீரோவை விறுவிறுப்பாக எழுத முடியாது என்பது சோம்பேறி வாதம். காத்திருப்பதில் இருக்கிற படபடப்பு, தாழ்ப்பாளில் இல்லை.

மூன்று பேரில் யாரிடமிருந்து தொடங்கலாம் என்று கேட்டால் 'சாபவிமோசனம்'தான். புதுமைப்பித்தன் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். சிதம்பரத்தில் பஸ் ஏறினால் பரங்கிப்பேட்டை பிரிவு தாண்டி, புதுச்சத்திரம் வருவதற்குள் படித்து முடித்துவிடலாம். மீதி தூரத்துக்கு, விட்ட இடத்திலிருந்து உங்க ஆன்டி ஹீரோவையே தொடருங்க. இந்தத் தடவை அவன் கொஞ்சம் வேறு மாதிரி தெரிவான்.