பொய் சொன்ன நாவும் தவ்பாவும்: ஹதீஸ் கலையின் அளவுகோல்

அமெரிக்க அரசின் இரகசிய ஆவணங்களைக் கையாளும் பணிக்கு ஒருவரை ஏற்குமுன் அவருடைய கடந்தகாலத்தைத் துருவி ஆராய்கின்றனர். அதற்கென்று 13 வழிகாட்டு நெறிகள் உள்ளன. பழைய தவறொன்றை ஒப்புக்கொண்டவர் ஏற்கப்படுவதும், அதனைப் படிவத்தில் மறைத்தவர் விலக்கப்படுவதும் அங்கு உண்டு. தவறு வேறு, பொய் வேறு என்னும் இந்தப் பாகுபாடு நமக்குப் புதிதன்று. ஹதீஸ் அறிவிப்பாளர்களை எடைபோட்ட நம் இமாம்கள் இதனை ஒரு தனிக் கலையாகவே வளர்த்தெடுத்தார்கள்.

தொடக்கத்தில் மக்கள் அறிவிப்பாளர் தொடரைக் கேட்பதில்லை. குழப்பம் தலைதூக்கிய பின்னரே அறிவிப்போரின் பெயர்களைக் கேட்கலாயினர் என்று இப்னு ஸீரீன் (ரஹ்) கூறியதை இமாம் முஸ்லிம் தம் முன்னுரையில் பதிவு செய்துள்ளார்கள். பெயர் கேட்கத் தொடங்கியதும், அந்தப் பெயருக்குரியவர் எப்படிப்பட்டவர் என்ற கேள்வியும் எழுந்தது.

இதில் கண்டிப்பு எல்லை மீறிய தருணங்களும் உண்டு. ஷுஃபா இப்னுல் ஹஜ்ஜாஜ் (ரஹ்) அவர்கள் மின்ஹால் இப்னு அம்ரின் வீட்டை அடைந்தபோது உள்ளிருந்து தம்பூர் இசை கேட்டது. எதுவும் வினவாமல் திரும்பிவிட்டார்கள். அவருக்கே தெரியாமல் அது நடந்திருக்கலாமே, கேட்டிருக்கக் கூடாதா என்று மாணவர் வஹ்பு இப்னு ஜரீர் வினவினார். மாணவரின் கேள்வியே நியாயமானது என்பது நம் கருத்து. இமாம் புகாரியும் மின்ஹாலின் அறிவிப்பைத் தம் ஸஹீஹில் ஏற்றுள்ளார்கள். காரணம் விளக்கப்படாத குறைகூறல், நற்சான்று பெற்ற ஒருவரை வீழ்த்தாது என்ற விதி பிற்காலத்தில் நிலைபெற்றது.

ஆனால் பொய்க்கு இந்தச் சலுகை இல்லை. மர்வு நகரின் காழியாக இருந்த நூஹ் இப்னு அபீ மர்யம் பல கலைகளில் தேர்ந்தவர். மக்கள் குர்ஆனை விட்டு ஃபிக்ஹிலும் போர் வரலாறுகளிலும் மூழ்கிவிட்டார்களே என்ற கவலையால், அத்தியாயங்களின் சிறப்புகளைத் தாமே புனைந்ததாக அவர் ஒப்புக்கொண்டதாக அறிவிக்கப்படுகிறது. நல்ல நோக்கமும் காழிப் பதவியும் அவரைக் காக்கவில்லை.

அத்தகையவர் தவ்பா செய்தால்? இங்குதான் இமாம்கள் பிரிகிறார்கள். அன்றாடப் பேச்சில் பொய்யுரைத்தவர் திருந்தினால் அவர் அறிவிப்பு ஏற்கப்படும். நபி (ஸல்) அவர்கள் மீது வேண்டுமென்றே பொய்யுரைத்தவரோ, தவ்பாவுக்குப் பின்னும் அறிவிப்பாளராக ஏற்கப்படமாட்டார் என்றார்கள் அஹ்மத் இப்னு ஹன்பலும் புகாரியின் ஆசிரியர் ஹுமைதியும். அல்லாஹ் அவரை மன்னிக்கலாம், அது வேறு. அவருடைய சொல் மார்க்கச் சட்டமாகி மறுமை நாள் வரை நிற்கும் என்பதே அவர்களின் அச்சம்.

ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவி (ரஹ்) இதனை ஏற்கவில்லை. இறைமறுப்பில் இருந்தவர் இஸ்லாத்தைத் தழுவிய பின் அவருடைய சாட்சியத்தையும் அறிவிப்பையும் ஏற்கிறோம். அவ்வாறிருக்க, உண்மையாகத் தவ்பா செய்தவரை மட்டும் எந்த அடிப்படையில் தள்ளுவது என்று வாதிட்டார்கள். வாதம் வலுவானது. எனினும் தவ்பா உண்மையானதா என்பதை எவர், எத்தனை காலம் பார்த்து உறுதி செய்வது என்னும் சிக்கல் அதனுள்ளேயே இருக்கிறது. முந்திய இருவரின் கண்டிப்புக்கு நாம் சாய்வது அதனால்தான்.